கரைசலுக்குள் யார் யாரைப் பிடித்திருக்கிறார்கள்? அணைவுச் சேர்மங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் இரண்டு மேசை போட்டு, படிவம் ஐந்து, படிவம் ஆறு பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக் கொடுக்கிறேன். ஊர் மலேசியாவின் பேராக்கில் சுங்கை சிப்புட். அதற்கு முன் 18 ஆண்டுகள் ஒரு ரப்பர்ப்பால் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தேன். என் அம்மா பால்மரம் சீவியவர். பிள்ளைகளும், அவர்களை அழைத்துப்போக வரும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். அணைவுச் சேர்மம் என்றதும் பெயரையும் நிறத்தையும் உருப்போட வேண்டிய பாடம் என்று பலர் பயந்துவிடுகிறார்கள். கரைசலுக்குள் நடப்பது ஓயாமல் பிடிப்பதும் விடுவதும். அந்தப் பிடி எத்தனை, எவ்வளவு இறுக்கம், எவ்வளவு வேகம் என்பதை அளக்கலாம். அளக்கத் தெரிந்தால் உருப்போட வேண்டியது கொஞ்சம்தான்.

அணைவுச் சேர்மம் என்றால் என்ன, சார்? ஒரே வரியில் சொல்ல முடியுமா?

நடுவில் ஓர் உலோக அயனி. அதைச் சுற்றி, தன்னிடம் உபரியாக இருக்கும் எலக்ட்ரான் இரட்டையை அதற்குக் கொடுத்துப் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறுகள் அல்லது அயனிகள். அப்படிக் கொடுப்பவற்றுக்கு ஈனி என்று பெயர். தண்ணீர் ஓர் ஈனி, அமோனியா ஓர் ஈனி, குளோரைடும் ஓர் ஈனி. உலோகத்தை நேரடியாகத் தொட்டுப் பிடித்திருக்கும் கைகளின் எண்ணிக்கைதான் அணைவு எண். பெரும்பாலும் 4 அல்லது 6.

ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. தண்ணீரில் கரைந்த உலோக அயனி தனியாக நிற்பதில்லை. மயில்துத்தத்தை (செம்பு சல்பேட்) கரைத்தால் வரும் இளநீலமே தண்ணீர் சூழ்ந்த செம்பின் நிறம். அதே மயில்துத்தத்தைச் சூடாக்கித் தண்ணீரை விரட்டிவிட்டால் வெள்ளைப் பொடியாகிவிடும். ஆகவே கரைசலில் அணைவு உருவாகிறது என்றால், காலியான இடத்தில் ஒருவர் வந்து உட்காருகிறார் என்று எண்ணாதீர்கள். ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் தண்ணீரை எழுப்பிவிட்டு இன்னொருவர் உட்காருகிறார்.

உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாதே. அது எப்படி உங்களுக்குத் தெரியும்?

இந்தக் கேள்வி வந்தால் நான் பாடத்தை நிறுத்திவிட்டுக் கண்ணாடிக் குவளையை எடுத்துவிடுவேன்.

குவளையில் மயில்துத்தக் கரைசல். சொட்டுக்குழாயில் அமோனியாக் கரைசல். முதல் சில சொட்டுகளில் தெளிந்த நீலம் கலங்கி, வெளிர்நீல மாவு மாதிரி ஒன்று திரண்டு மிதக்கும். அது செம்பு ஹைட்ராக்சைடு. பிள்ளைகள் "அவ்வளவுதானா?" என்று பார்ப்பார்கள். அப்புறம் இன்னும் சில சொட்டு விட்டுக் குவளையைச் சுழற்றுங்கள். மாவு ஓரத்திலிருந்து கரையத் தொடங்கும். கலங்கல் முழுவதும் போய், சங்குப்பூவை வெந்நீரில் போட்டது போன்ற ஆழ்ந்த நீலம் நிற்கும். கரையாமல் திரண்ட செம்பைக் கரைசலுக்குள் மறுபடி இழுத்துக்கொண்டது யார்? அமோனியா. நான்கு அமோனியாக்கள் செம்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டன.

நிறம் மாறியது என்று சொல்வது முதல் படி. இயற்பிய வேதியியல் அடுத்த படியைக் கேட்கிறது: எவ்வளவு மாறியது? கரைசலை ஒளிமானியில் வைத்தால், தண்ணீர் சூழ்ந்த செம்பு 800 நானோமீட்டர் அளவில், அதாவது கண்ணுக்குத் தெரியும் சிவப்பையும் தாண்டிய இடத்தில், ஒளியை அதிகம் உறிஞ்சுகிறது. அமோனியா சூழ்ந்ததும் அந்த உச்சம் 600-க்கு வந்துவிடும். உறிஞ்சும் அளவும் ஏறத்தாழ நான்கு மடங்காகிவிடும். ஈனி எவ்வளவு வலுவாக உலோகத்தின் எலக்ட்ரான்களைத் தள்ளுகிறதோ அவ்வளவு அதிக ஆற்றலுள்ள ஒளி தேவைப்படுகிறது. அதனால்தான் உச்சம் நகர்கிறது. ஒளி எவ்வளவு குறைந்தது என்பதிலிருந்து எவ்வளவு அணைவு இருக்கிறது என்று கணக்குப் போட உதவுவது பீர்-லாம்பர்ட் விதி.

ஒளி ஒரு வழி. மின்கடத்தல் இன்னொன்று. பிஎச் மூன்றாவது. வெப்பம், மின்னழுத்தம், காந்தத்தன்மை என்று இன்னும் உண்டு. ஒரே கரைசலைப் பல வழிகளில் விசாரித்து, எல்லாச் சாட்சியும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் இந்தத் துறையில் வேலை.

இதையெல்லாம் முதலில் கண்டுபிடித்தவர் யார்?

ஆல்ஃபிரட் வெர்னர். 1893-இல், 26 வயதில், சூரிச்சில். இருபது ஆண்டு கழித்து 1913-இல் நோபல் பரிசு.

அவருக்கு முன்னாலிருந்த சிக்கல் இதுதான். கோபால்ட் குளோரைடும் அமோனியாவும் சேர்ந்த பல உப்புகள் இருந்தன. எல்லாவற்றிலும் ஒரு கோபால்ட்டுக்கு மூன்று குளோரைடு. ஆனால் அமோனியா ஆறு இருந்தால் மஞ்சள், ஐந்து இருந்தால் ஊதாச்சிவப்பு, நான்கு இருந்தால் பச்சை அல்லது ஊதா. வெள்ளி நைட்ரேட் விட்டால் மஞ்சளில் மூன்று குளோரைடும் வெள்ளையாகப் படிந்துவிடும். ஊதாச்சிவப்பில் இரண்டு மட்டும். பச்சையில் ஒன்றே ஒன்று. மற்றவை எங்கே போயின?

வெர்னரும் அவரோடு வேலை செய்த மியோலாட்டியும் கரைசல்களில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று அளந்தார்கள். மோலார் கடத்துதிறன் மஞ்சளுக்கு 430-ஐ ஒட்டி, அடுத்ததற்கு 260, அதற்கடுத்ததற்கு 100. அயனிகள் 4, 3, 2 என்று குறைந்துகொண்டே வருவதைத்தான் அந்த எண்கள் சொல்கின்றன. படியாத குளோரைடு கோபால்ட்டை நேரடியாகப் பிடித்துக்கொண்டு, ஆறு இடங்களில் ஒன்றில் உட்கார்ந்திருக்கிறது. எக்ஸ் கதிரால் படிகத்துக்குள் பார்க்கும் வசதி வருவதற்கு முன்பே, மின்கடத்தலையும் எத்தனை வடிவங்கள் கிடைக்கின்றன என்ற எண்ணிக்கையையும் வைத்தே அந்த ஆறு கைகள் எண்முகி வடிவில் நீட்டியிருக்கின்றன என்று சொன்னார். எனக்கு இன்றும் அதை நினைத்தால் சிலிர்க்கும்.

பச்சை உப்பைக் கரைத்துவிட்டு நேரம் கழித்து அளந்தால் கடத்தல் மெல்ல ஏறிக்கொண்டே போகும். உள்ளே இருந்த குளோரைடை எழுப்பிவிட்டுத் தண்ணீர் உட்காருவதால்தான். கரைத்ததும் அளக்க வேண்டும் என்று செய்முறையில் எழுதியிருப்பது அதனால்தான்.

நிலைப்புத்தன்மை மாறிலி என்ற எண் எதைச் சொல்கிறது?

பிடியின் இறுக்கத்தை. அணைவின் செறிவை, தனியாகக் கிடக்கும் உலோகம், ஈனி இவற்றின் செறிவுகளால் வகுத்துக் கிடைக்கும் எண். எண் பெரிது என்பதால் மடக்கையில் (லாக்) எழுதுவார்கள். செம்பும் நான்கு அமோனியாவும் என்றால் மடக்கை ஏறத்தாழ 13. அதாவது 1-க்குப் பின்னால் 13 சுழி.

நான்கு அமோனியாவும் ஒரே மூச்சில் வந்து உட்காருவதில்லை. ஒன்று, பிறகு இன்னொன்று. ஒவ்வொரு படிக்கும் ஒரு மாறிலி: மடக்கையில் சுமார் 4.2, 3.5, 2.9, 2.1. இடம் குறையக் குறைய அடுத்தவர் வந்து உட்காருவது கடினமாகிறது. ஐந்தாவது அமோனியா வந்து உட்கார மிகவும் தயங்கும்.

இந்தப் படிகளைப் பிரித்துக் காட்டியவர் டென்மார்க்கின் யானிக் பியெரம். 1941-இல் வந்த அவருடைய ஆய்வேட்டின் வழி எளிமையானது. கல்யாண மண்டபத்தில் சமையல்காரர் 100 இலை கொண்டுவந்தார். உள்ளே எட்டிப் பார்க்க முடியாது, ஆனால் கட்டில் 36 இலை மிச்சம் இருப்பது தெரியும். அப்படியானால் 64 இலை பந்தியில் விரித்தாகிவிட்டது. பியெரம் அமோனியாவை அப்படி எண்ணினார். அமோனியா ஒரு காரம். ஆகவே கண்ணாடி மின்முனையால் பிஎச் அளந்தால் பிடிபடாமல் வெளியே நிற்கும் அமோனியா எவ்வளவு என்று தெரிந்துவிடும். போட்டதிலிருந்து அதைக் கழித்தால் செம்பு பிடித்துக்கொண்டது. அதைச் செம்பின் அளவால் வகுத்தால், ஒரு செம்புக்குச் சராசரியாக எத்தனை அமோனியா என்று கிடைக்கும். அமோனியாவைக் கூட்டிக்கொண்டே போனால் அந்தச் சராசரி 0-இலிருந்து 4 வரை வளைகோடாக ஏறும். அந்தக் கோட்டின் வளைவுக்குள் நான்கு மாறிலிகளும் ஒளிந்திருக்கின்றன.

ஒரு புத்தகத்தில் ஓர் எண், இன்னொன்றில் வேறு எண். எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம், எண்ணுக்குப் பக்கத்தில் வெப்பநிலையும் அயனி வலிமையும் எழுதியிருந்தால். கரைசலில் வேறு உப்புகள் எவ்வளவு கிடக்கின்றன என்பதைப் பொறுத்துப் பிடி மாறும். மின்னூட்டமுள்ள அயனிகளைச் சுற்றி மற்ற அயனிகள் கூட்டமாக நின்று ஈர்ப்பை மறைக்கின்றன. அதனால்தான் ஆய்வாளர்கள் சோடியம் பெர்குளோரேட் அல்லது பொட்டாசியம் நைட்ரேட்டை நிறையப் போட்டு அயனி வலிமையை ஒரே அளவில் நிறுத்திக்கொள்கிறார்கள். இந்த விவரங்கள் இல்லாமல் வெறும் எண்ணை மட்டும் கொடுக்கும் பயிற்சித் தாளைப் பிள்ளைகளிடம் கொடுக்க எனக்கு மனம் வராது.

இ.டி.டி.ஏ. மட்டும் ஏன் எல்லா இடத்திலும் வருகிறது?

இ.டி.டி.ஏ. என்பதும் ஓர் ஈனிதான், அதன் ஆறு கையும் ஒரே மூலக்கூறில் இருப்பதால். இரண்டு நைட்ரஜன், நான்கு ஆக்சிஜன். நண்டு கொடுக்கால் கவ்வுவது போல உலோகத்தைச் சுற்றிக் கவ்வுகிறது. கொடுக்கிணைப்பு என்ற பெயரே அதிலிருந்து வந்தது.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே கையால் செய்திருக்கிறேன். தோட்டத்திலிருந்து வரும் ரப்பர்ப்பாலில் மக்னீசியம் இருக்கும். அது அதிகமானால் அடர்பால் நிலையாக நிற்காது. டைஅமோனியம் பாஸ்பேட் போட்டு இரவு முழுக்க வைத்தால் மக்னீசியம் சேறாக அடியில் தங்கும். எவ்வளவு போட வேண்டும் என்று தெரிய, முதலில் மக்னீசியத்தை அளக்க வேண்டும். பாலைத் தண்ணீரில் நீர்த்து, பிஎச் 10-இல் நிறுத்தும் அமோனியாத் தாங்கலை விட்டு, எரியோக்ரோம் பிளாக் டி நிறங்காட்டியைப் போட்டால் வெள்ளைப் பால் ரோஜா நிறமாகிவிடும். பியூரெட்டிலிருந்து இ.டி.டி.ஏ. சொட்டுச் சொட்டாக இறங்கும். கடைசி ஒரு சொட்டில் ரோஜா முழுக்கப் போய் நீலம் வரும். அந்த ஒரு சொட்டை விட்டுவிட்டால் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டியதுதான்.

அந்த நிறமாற்றத்திலேயே பாடம் இருக்கிறது. நிறங்காட்டியும் ஓர் ஈனிதான். மக்னீசியத்தைப் பிடித்திருக்கும் வரை அது சிவப்பு. இ.டி.டி.ஏ. அதைவிட இறுக்கமாகப் பிடிப்பதால், தனியாகக் கிடந்த மக்னீசியத்தை எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் நிறங்காட்டியின் கையிலிருப்பதையும் பறித்துக்கொள்கிறது. கை காலியான நிறங்காட்டி நீலமாகிவிடுகிறது. இந்த முறையை 1940-களில் வளர்த்தெடுத்தவர் ஷ்வார்சென்பாக், வெர்னர் இருந்த அதே சூரிச்சில்.

பிஎச் ஏன் 10? மக்னீசியத்துக்கு இ.டி.டி.ஏ.-வின் மாறிலி மடக்கையில் 8.7, கால்சியத்துக்கு 10.7, மூன்று நேர்மின்னூட்டமுள்ள இரும்புக்கு 25.1. ஆனால் இவை எல்லாம் இ.டி.டி.ஏ. தன் ஹைட்ரஜன்களை முழுக்க உதறிவிட்ட நிலைக்கான எண்கள். பிஎச் 10-இல் மூன்றில் ஒரு பங்கு அப்படி உதறியிருக்கும். பிஎச் 4-இல் நூறு கோடியில் நான்குதான். அங்கே மக்னீசியத்தின் மீதான பிடி ஒன்றுமில்லாமல் போய்விடும், இரும்பின் மீதான பிடியோ இன்னும் போதும் போதும் என்ற அளவுக்கு இருக்கும். பிஎச்சை மாற்றியே எந்த உலோகத்தைப் பிடிக்கலாம் என்று நாம் தேர்ந்தெடுக்க முடிகிறது.

ஒரே மாதிரி நைட்ரஜன்தான் பிடிக்கிறது. சேர்ந்து பிடித்தால் மட்டும் ஏன் இறுக்கம் கூடுகிறது?

செம்பை நான்கு அமோனியா பிடித்தால் 13. ஒரே மூலக்கூறில் இரண்டு நைட்ரஜன் உள்ள எத்திலீன்டைஅமீன் இரண்டு பிடித்தால் 20. இரண்டிலும் நான்கு நைட்ரஜன்தான், ஆனால் வித்தியாசம் ஒரு கோடி மடங்கு.

பெரும்பங்கு என்ட்ரோபி, அதாவது தனித்தனியாகத் திரிந்து சிதறிக் கிடக்கும் போக்கு. நான்கு தண்ணீரை எழுப்பிவிட்டு நான்கு அமோனியா உட்கார்ந்தால், கரைசலில் தனியாகத் திரிபவர்களின் எண்ணிக்கை மாறவில்லை. இரண்டு எத்திலீன்டைஅமீன் உட்கார்ந்தால் நான்கு தண்ணீர் விடுதலையாகிறது, கட்டுப்பட்டது இரண்டுதான். திரிபவர்கள் கூடிவிட்டார்கள். இன்னொன்றும் உண்டு. ஒரு கை நழுவினாலும் மறு கை பிடித்திருப்பதால் நழுவிய கை தூரம் போவதில்லை, உடனே திரும்பிப் பிடித்துவிடும்.

நிலையான அணைவு என்றால் மாறாத அணைவு என்றுதானே அர்த்தம்?

இல்லை. தேர்வில் அதிகம் பேர் சறுக்கும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

இறுக்கம் ஒன்று, வேகம் வேறு. நிக்கலை நான்கு சயனைடு பிடித்திருக்கும் அணைவின் மாறிலி மடக்கையில் 30. பயங்கர இறுக்கம். ஆனால் கதிரியக்கக் கார்பன் அடையாளமிட்ட சயனைடைக் கரைசலில் போட்டுப் பார்த்தபோது, உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் மிக வேகமாக இடம் மாறிக்கொண்டிருப்பது தெரிந்தது. இதற்கு நேர் எதிர், வெர்னரின் மஞ்சள் கோபால்ட். அமிலத்தில் போட்டால் சிதைந்துபோக வேண்டும் என்று சமநிலைக் கணக்கு அடித்துச் சொல்கிறது. இருந்தும் அறை வெப்பநிலையில் பல நாட்கள் அப்படியே இருக்கும். சிதைவதற்கு ஏற வேண்டிய ஆற்றல் மேடு அவ்வளவு உயரம்.

தண்ணீர் சூழ்ந்த அயனிகளிலும் இதைப் பார்க்கலாம். செம்பைப் பிடித்திருக்கும் ஒரு தண்ணீர் மூலக்கூறு ஒரு நானோ விநாடிகூடத் தங்குவதில்லை. மூன்று நேர்மின்னூட்டமுள்ள குரோமியத்திடம் அதே தண்ணீர் சில நாட்கள் தங்கும். எலக்ட்ரான் அமைப்பை வைத்து இந்த வேறுபாட்டை விளக்கியவர் ஹென்றி டௌப், 1983-இல் நோபல் பெற்றார். நொடிக்குள் முடியும் வினைகளை அளக்கும் வழியைக் கண்ட மான்ஃபிரட் ஐகன் 1967-இல் பெற்றார்.

எத்தனை ஈனி பிடிக்கிறது என்று பள்ளியிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். பால் ஜாப் என்பவர் 1928-இல் விரிவாகச் சொன்ன முறை. ஒரே செறிவுள்ள இரண்டு கரைசல்: ஒன்றில் இரும்பு, ஒன்றில் சாலிசிலிக் அமிலம் (படர்தாமரைக் களிம்பில் இருப்பது). மொத்தம் 10 மில்லிலிட்டர் மாறாமல் 1-க்கு 9, 2-க்கு 8 என்று கலந்துகொண்டே போங்கள். ஊதா நிறம் வரும். அமிலக் கரைசலில் செய்தால் 5-க்கு 5 கலந்த குழாய்தான் எல்லாவற்றிலும் அடர்த்தி, ஆகவே ஒன்றுக்கு ஒன்று. ஒன்பது குழாயையும் வெள்ளைத்தாள் முன்னால் வரிசையாக நிறுத்தினால் ஒளிமானி இல்லாமலே கண்ணுக்குத் தெரியும். ஒரே ஓர் அணைவு மட்டும் முக்கியமாக இருக்கும்போதுதான் இந்த முறை சரிவரும். செம்பு-அமோனியா போலப் படிப்படியாகப் போவதில் ஏமாற்றிவிடும்.

ரப்பர்ப்பாலுக்கும் இந்தப் பாடத்துக்கும் வேறு என்ன சம்பந்தம், அண்ணே?

இதைக் கேட்டது ஒரு மாணவனின் அப்பா. அவரும் ஒரு காலத்தில் ஆலையில் இருந்தவர். இரண்டு விஷயம் சொன்னேன்.

முதலாவது, பால் தடித்துப்போவது. மையவிலக்கில் சுற்றி எடுத்த அடர்பாலில் 60 சதவீதம் ரப்பர். கெட்டுப்போகாமல் இருக்க அமோனியா போடுகிறோம், அதிக அமோனியா வகையில் 0.7 சதவீதம் அளவுக்கு. கையுறை செய்யும்போது துத்தநாக ஆக்சைடும் சேர்கிறது. அது தண்ணீரில் கரையாத வெள்ளைப் பொடி. ஆனால் அமோனியாவும் அமோனியம் உப்பும் இருந்தால், நான்கு அமோனியா துத்தநாகத்தைப் பிடித்துக் கரைசலுக்குள் இழுத்துவிடும், குவளையில் செம்புக்கு நடந்த அதே கதை. நான்கு அமோனியாவும் பிடித்திருக்கும்வரை தொந்தரவு குறைவு. சூடு ஏறினாலோ அமோனியா ஆவியாகிப் போனாலோ நான்கு மூன்றாகும், இரண்டாகும். கை குறைந்த துத்தநாகம், ரப்பர்த் துகள்களைத் தனித்தனியாக நிறுத்திவைத்திருக்கும் கொழுப்பமிலச் சோப்பைப் பிடித்துக்கொள்ளும். துத்தநாகச் சோப்பு கரையாது. காவல் போனதும் துகள்கள் ஒட்டத் தொடங்கும்.

நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு நாள் மத்தியானம், கலவைத் தொட்டியின் மூடி திறந்தே கிடந்தது. அமோனியா அளவைக் காலையில் பார்த்ததோடு சரி. சாயங்காலம் கிளறுகோலைத் தூக்கினேன். பால் சொட்டவில்லை, தயிர் மாதிரி கோலிலிருந்து வழுக்கிப் பிளவுபட்டு விழுந்தது. அன்றைக்குத்தான் மாறிலிகள் வரிசையாக எழுதிய அட்டவணையை எடுத்து உட்கார்ந்து படித்தேன். அதே குணத்தைத் தெரிந்தே பயன்படுத்துவதும் உண்டு, சூடு பட்டால் பால் இறுக வேண்டும் என்று கேட்கும் தயாரிப்புகளில்.

இரண்டாவது, செம்பு. ரப்பரில் துளி செம்பு இருந்தாலும் காற்றிலுள்ள ஆக்சிஜன் ரப்பரைச் சீக்கிரம் தின்றுவிடும், பிசுபிசுவென்று ஆகிவிடும். அடர்பாலில் திடப்பொருள் ஒரு கிலோவுக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது பன்னாட்டுத் தரம். பால் தொடும் இடத்தில் பித்தளை வால்வு ஆகாது என்று பழைய ஆட்கள் அடித்துச் சொன்னதன் காரணம் இதுதான்.

இவ்வளவு சிறிய அளவை எப்படி அளப்பது? ரப்பரை எரித்துச் சாம்பலாக்கி அமிலத்தில் கரைக்கிறோம். அதில் இரும்பும் இருக்கும், கணக்கைக் குழப்பும். சிட்ரேட் போட்டால் இரும்பைப் பிடித்துத் தண்ணீரிலேயே வைத்துக்கொள்ளும். பிறகு அமோனியாவால் காரமாக்கி, துத்தநாக டைதயோகார்பமேட் கரைந்த கரிமக் கரைப்பானோடு புனலில் குலுக்குகிறோம். செம்பு துத்தநாகத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு கரைப்பான் அடுக்குக்குள் போய்விடும். நிறமற்றிருந்த அடுக்கு தேன் மஞ்சளாகும். அந்த மஞ்சளை ஒளிமானி படித்துச் சொல்லும். செம்பு துத்தநாகத்தைத் தள்ளும் என்று முன்கூட்டியே எப்படித் தெரியும்? மாங்கனீசிலிருந்து இரும்பு, கோபால்ட், நிக்கல், செம்பு வரை பிடி ஏறிக்கொண்டே போய், துத்தநாகத்தில் இறங்கும். 1948-இல் இர்விங்கும் வில்லியம்சும் எடுத்துக்காட்டிய வரிசை. எந்த ஈனியாக இருந்தாலும் பெரும்பாலும் இதே வரிசைதான்.

செம்பனை ஆட்களும் இதைச் செய்கிறார்கள். எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது சிட்ரிக் அமிலம் சேர்ப்பது, துளி இரும்பும் செம்பும் எண்ணெயைக் கெடுக்காமல் கட்டிப்போடத்தான்.

எங்கள் வீட்டுக் குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் தேநீர் போட்டால் கறுக்கிறதே?

தண்ணீரில் இரும்பு. நிலத்தடியில் அது இரண்டு நேர்மின்னூட்டத்தோடு நிறமில்லாமல் கரைந்திருக்கும். காற்றுப்பட்டதும் மூன்றாகும். தேயிலையின் டானின் அதைப் பிடித்தால் நீலக்கறுப்பு. அந்தக் காலத்து எழுதும் மையும் இதேதான். எலுமிச்சை பிழிந்தால் வெளுக்கும். அமிலத்தில் டானினின் பிடி தளர்கிறது, சிட்ரேட் இரும்பை வாங்கிக்கொள்கிறது. இரும்பே இல்லாத தேநீரும் எலுமிச்சையில் கொஞ்சம் வெளுக்கும், அது தேயிலையின் சொந்த நிறம் மாறுவது. இதனால்தான் கிளினிக்கில் இரும்பு மாத்திரையைத் தேநீரோடு விழுங்காதீர்கள் என்று சொல்கிறார்கள். டானின் பிடித்த இரும்பைக் குடல் எளிதில் எடுத்துக்கொள்வதில்லை. குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்குவதும் இந்தக் குடும்பம்தான்: புளியின் டார்டாரிக் அமிலம் கறுத்த செம்பு ஆக்சைடைக் கரைத்துப் பிடித்துக்கொண்டு போகிறது.

தோட்ட ஆஸ்பத்திரியில் சிறுநீரைக் காய்ச்சிச் சர்க்கரை பார்ப்பார்களாமே, அதுவுமா?

அதுவும்தான். என் அப்பாவுக்கு இனிப்புநீர். டிரஸர் (தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர்) சோதனைக் குழாயில் நீலக் கரைசல் 5 மில்லிலிட்டர் எடுத்து, 8 சொட்டு சிறுநீர் விட்டு, கொதிநீரில் நிறுத்துவார். பெஞ்சில் உட்கார்ந்து நான் நிறத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை, மஞ்சள், செங்கல் சிவப்பு என்று போகப் போக அப்பாவின் முகம் வாடும். அது பெனடிக்ட் கரைசல்: மயில்துத்தம், சோடியம் கார்பனேட், சோடியம் சிட்ரேட். காரத்தில் செம்பு படிந்துவிட வேண்டும். சிட்ரேட் பிடித்திருப்பதால்தான் தெளிந்த நீலமாக நிற்கிறது. சர்க்கரை வந்து எலக்ட்ரான் கொடுத்துச் செம்பை ஒடுக்கியதும் சிட்ரேட்டின் பிடி நழுவி, செங்கல் நிறச் செம்பு ஆக்சைடு விழுகிறது.

பள்ளியில் மலாயில், ஆங்கிலத்தில் படிக்கிறோம். தமிழில் இதெல்லாம் எதற்கு?

வீட்டில் அம்மாவிடம் விளக்கிச் சொல்ல முடிந்தால் பாடம் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். தேர்வுக்கு லிகன் என்று எழுதுங்கள், வகுப்பில் ஈனி என்று பேசுங்கள். இரண்டும் கைவசம் இருக்கட்டும்.

இதைப் படித்தால் இங்கே வேலை உண்டா?

கையுறை ஆலை, அடர்பால் ஆலை, செம்பனைச் சுத்திகரிப்பு, குடிநீர் ஆய்வுக்கூடம், மருத்துவமனை ஆய்வுக்கூடம். எல்லா இடத்திலும் அளக்கத் தெரிந்த ஆள் தேவை.

செய்து முடித்த நீலக் கரைசலைச் சாக்கடையில் ஊற்றலாமா?

ஊற்றாதீர்கள். செம்பு மீனுக்கு நஞ்சு. அமோனியா பிடித்திருப்பதால் அது எங்கேயும் படியாமல் ஓடிக்கொண்டே ஆறுவரை போகும். இன்னொரு எச்சரிக்கை: அமோனியா இருக்கும் பாத்திரத்தில் வெளுப்புநீரை எக்காரணத்துக்கும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும்.

திறந்த வெளியில் வைத்து, பழைய கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் கொஞ்சமாகக் காடி ஊற்றுங்கள். அமிலம் அமோனியாவைப் பிடித்துக்கொள்ளும், சங்குப்பூ நீலம் பழைய இளநீலத்துக்குத் திரும்பும். சோப்பு இல்லாத இரும்புக் கம்பிப் பஞ்சு ஒரு கொத்தை அதில் போட்டு இரவு முழுக்க விடுங்கள். மறுநாள் காலையில் நீலம் போய்த் தண்ணீர் வெளிர்மஞ்சளாக இருக்கும். பஞ்சின் மேல் செம்பு சிவப்பாகப் படிந்திருக்கும். வடிகட்டி அந்தச் சிவப்பைக் காயவைத்துத் தாளில் மடித்து என்னிடம் கொண்டு வாருங்கள். போட்ட மயில்துத்தத்திலிருந்து எத்தனை கிராம் வர வேண்டும், எத்தனை வந்தது என்று அடுத்த சனிக்கிழமை நிறுத்துப் பார்ப்போம்.